காய்கறியே நுழைவுக்கட்டணம்: வர்ஜீனியா பார்ட்டர் அரங்கின் நிதி வரலாறு

1929இல் தொடங்கிய பெருமந்தம் அமெரிக்க நாடக உலகை நிலைகுலைய வைத்தது. நியூயார்க்கில் அரங்குகள் இருண்டன. நடிகர்கள் வேலையின்றிப் பட்டினி கிடந்தார்கள். தென்மேற்கு வர்ஜீனியாவின் மலைப்பகுதியில் நிலைமை வேறு. அங்கே விளைச்சல் இருந்தது. காசு கொடுத்து வாங்கத்தான் ஆளில்லை. அப்பகுதியைச் சேர்ந்தவரும் நியூயார்க்கில் நடித்து வந்தவருமான ராபர்ட் போர்ட்டர்ஃபீல்டு, ஒரு பக்கத்துப் பசியையும் மறுபக்கத்துத் தேக்கத்தையும் சேர்த்துப் பார்த்தார். 1933 ஜூன் 10 அன்று அபிங்டன் என்ற சிற்றூரில் பார்ட்டர் அரங்கைத் திறந்தார். நுழைவுக்கட்டணம் 40 சென்ட். இல்லையேல் அதற்கு ஈடான காய்கறி, பால்பொருள், கால்நடை. ஐந்தில் நான்கு பேர் பொருளாகவே கொடுத்தார்கள்.

முதல் பருவம் முடிந்தபோது கையில் மிஞ்சியது 4.35 டாலர் ரொக்கமும் இரண்டு பீப்பாய் பழப்பாகும். நடிகர்களின் மொத்த உடல் எடை 300 பவுண்டுக்கு மேல் கூடியிருந்தது என்பதும் அரங்கு பெருமையோடு சொல்லிவரும் கணக்கு. இதை வேடிக்கைச் செய்தியாகச் சொல்லிக் கடப்பதே வழக்கம். எனக்கு இது தேர்ந்த நிதி நிர்வாகமாகவே படுகிறது. வேலையற்ற நடிகர் குழுவின் தலையாய செலவு சாப்பாடு. அந்தச் செலவு பணமாக மாறாமலே வாசலில் அடைபட்டது. விற்காமல் அழுகவிருந்த காய்க்கு உழவரும் ஒரு மதிப்பைப் பெற்றார். 1831இல் தேவாலயமாக எழுந்த பழைய கட்டடமே அரங்கானதால் புதிதாகக் கட்டும் சுமையும் இல்லை. நாடகாசிரியர்களுக்கு உரிமத்தொகையாக வர்ஜீனியாவின் பதப்படுத்திய பன்றித்தொடை போயிற்று. புலால் உண்ணாத பெர்னார்ட் ஷா அதற்குப் பதில் கீரை கேட்டு வாங்கினார்.

ஆனால் இம்முறைக்கு ஓர் எல்லை உண்டு. கீரையைக் கொடுத்து மின்கட்டணம் கட்ட முடியாது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அரங்கு மூடிக்கிடந்தது. போருக்குப் பின் மக்கள் கையில் பணம் புழங்கத் தொடங்கியதும் பண்டமாற்றின் தேவையே குறைந்தது. இரண்டாம் கட்ட மீட்சி அரசு வழியாக வந்தது: 1946இல் பார்ட்டர், வர்ஜீனியாவின் மாநில அரங்காக அறிவிக்கப்பட்டது. பசியோடு வந்த நடிகர்களுக்கு ஊரார் சோறிட்ட அந்தத் தொடக்க ஆண்டுகள் இல்லாமல் இந்த அங்கீகாரம் கிடைத்திருக்காது என்றே கருதுகிறேன்.

1953இல் நியூயார்க்கின் எம்பயர் அரங்கு இடிபடவிருந்தது. வேண்டியதை எடுத்துக்கொள்ளப் போர்ட்டர்ஃபீல்டுக்கு ஒரு வார இறுதி மட்டுமே அவகாசம். இருக்கைகள், விளக்குகள், கம்பளங்கள், ஓவியங்கள் என ஏறத்தாழ 75,000 டாலர் மதிப்புள்ள தளவாடங்கள் அபிங்டன் வந்து சேர்ந்தன. அந்த ஒளியமைப்பு 1970களின் நடுப்பகுதிவரை பயன்பட்டது. காய்கறியைக் கட்டணமாக ஏற்ற அதே கண், பிறர் கழித்த பொருளிலும் முதலீட்டைக் கண்டது.

போர்ட்டர்ஃபீல்டு 1971இல் இறந்த பிறகும் அரங்கு தொடர்ந்தது. 2020 பெருந்தொற்றில் வாசல் அடைபட்டபோது, அவ்வூரின் பழைய திறந்தவெளித் திரையரங்கில், பார்வையாளர்கள் காருக்குள் இருந்தபடியே பார்க்க நாடகங்கள் நடந்தன.

ஊர் நாடகக் குழுக்களின் வரலாற்றை எழுதுவோர் ரொக்கப் பதிவேட்டோடு நின்றுவிட வேண்டாம். யார் அரிசி கொடுத்தார்கள், யார் இடம் கொடுத்தார்கள், யார் விளக்கு கொடுத்தார்கள் என்பதையும் தேடிப் பதிவு செய்யுங்கள்.