கிர் வனத்துச் சிங்கமும் மால்தாரி மக்களும்

நாள்தோறும் நம் கையில் புழங்கும் நாணயத்தைப் புரட்டிப் பார்த்தால் அதில் சிங்க உருவத்தைக் காண்கிறோம். பேரரசர் அசோகர் சாரநாத்தில் நிறுத்திய தூணின் சிகரம் அது. 1950-ஆம் ஆண்டு ஜனவரி 26-ஆம் நாள் அதனை நம் குடியரசு தன் இலச்சினையாக ஏற்றது. இவ்வளவு பெருமை பெற்ற அந்த விலங்கு இன்று உயிருடன் உலவும் இடம் எது என்று கேட்டால், ஆசியா கண்டம் முழுவதிலும் ஒரே ஒரு வட்டாரத்தைத்தான் சுட்டிக் காட்ட முடியும். அது குஜராத் மாநிலத்தின் சௌராஷ்டிரப் பகுதியிலுள்ள கிர் வனமும் அதனைச் சூழ்ந்த நாடும் ஆகும். மதுரையிலும் சேலத்திலும் வாழும் சௌராஷ்டிர மக்கள் தம் முன்னோரின் நாடு என்று போற்றும் மண் அதுவே.

அங்கே சிங்கம் மனித வாடையே இல்லாத கானகத்தில் ஒளிந்து பிழைக்கவில்லை. மாடு மேய்ப்போர், உழவர், கூலியாட்கள் ஆகிய எளிய மக்களின் நடுவிலேயே பிழைத்து வந்திருக்கிறது. அது எவ்வாறு இயன்றது, அதற்கு விலை கொடுத்தவர் யாவர் என்பதையே இங்கு நாம் ஆராயப் புகுகிறோம்.

முற்காலத்தில் ஆசியச் சிங்கம் சிரியா, மெசபொடேமியா, பாரசீகம் ஆகிய நாடுகளிலிருந்து சிந்துவைக் கடந்து, கிழக்கே இன்றைய ஜார்க்கண்டின் பலாமூ வரையில் பரவியிருந்தது. தெற்கில் நருமதையே அதன் எல்லை. தமிழில் அரிமா என்னும் அழகிய சொல் இருப்பினும், நருமதைக்குத் தெற்கே சிங்கம் வாழ்ந்தமைக்குச் சான்று இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் துப்பாக்கி பெருகிற்று, காடுகள் கழனிகளாயின, வேட்டையாடுதல் ஆங்கில அதிகாரிகளுக்கும் சுதேச மன்னர்களுக்கும் பொழுதுபோக்காயிற்று. புலியைப் போல் அடர்ந்த காட்டில் மறையாமல், வெட்டவெளியில் கூட்டமாகத் திரிவது சிங்கத்தின் இயல்பு. ஆகையால் அது எளிதில் குண்டுக்கு இலக்காயிற்று. 1880-களுக்குப் பின் இந்தியாவில் கிர் வனத்தைத் தவிர வேறெங்கும் சிங்கம் இல்லை என்னும் நிலை ஏற்பட்டது.

கிர் வனம் அந்நாளில் ஜூனாகத் சமஸ்தானத்தைச் சேர்ந்தது. தேக்கும் முள்மரங்களும் செறிந்த வறண்ட மலைக்காடு அது. கோடையில் இலையுதிர்ந்து பழுப்பு நிறம் பூண்டு நிற்கும். அந்நிறமே சிங்கத்தின் நிறமும் ஆதலால், பத்தடி தூரத்தில் படுத்திருப்பினும் புதியவர் கண்ணுக்குப் புலப்படாது. அவ்வனத்தின் உள்ளே ஆற்றோரங்களில் வாழ்பவர்கள் மால்தாரிகள். சாரணர், ரபாரி, பர்வாடு முதலிய பல குலத்தாரும் இப்பெயரில் அடங்குவர். 'மால்' என்பது கால்நடைச் செல்வம். 'தாரி' என்பது அதனை உடையவர். நம் மொழியிலும் மாடு என்னும் சொல்லுக்குச் செல்வம் என்ற பொருள் உண்டு என்பதை எண்ணும்போது, ஆயர் வாழ்வு எங்கும் ஒன்றே என்பது விளங்கும். அவர்களுடைய சிற்றூருக்கு 'நெஸ்' என்று பெயர். நான்கைந்து குடிசைகள், அவற்றைச் சுற்றி முள்வேலி, உள்ளே எருமைப் பட்டி. இவ்வளவே ஒரு நெஸ்.

சிங்கத்தைக் காத்த பெருமையை ஜூனாகத் நவாபுகளுக்கு வழங்குவது வரலாற்று நூல்களின் வழக்கம். அதில் உண்மை உண்டு. நவாப் இரண்டாம் மகாபத்கான் 1879-ஆம் ஆண்டிலேயே சிங்க வேட்டைக்குத் தடை விதித்தார். 1900-ஆம் ஆண்டில் ஜூனாகத்துக்கு வந்த வைசிராய் கர்சன் பிரபு, சிங்கங்கள் அருகிவிட்டமை அறிந்து தமக்கென ஏற்பாடாகியிருந்த வேட்டையைக் கைவிட்டார் என்பர். அக்காலத்தில் எஞ்சியவை பத்துப் பன்னிரண்டே என்று பேசப்பட்டது. விருந்தினராக வரும் வேட்டைப் பிரியர்களைத் தடுக்கும் பொருட்டுச் சமஸ்தானம் வேண்டுமென்றே தொகையைக் குறைத்துச் சொல்லியிருக்கலாம் என்று கருதும் ஆராய்ச்சியாளரும் உளர். எவ்வாறாயினும், 1936-ஆம் ஆண்டில் நடந்த கணக்கெடுப்பில் 287 சிங்கங்கள் இருந்தன.

ஆனால் நவாபின் ஆணை காகிதத்தில் எழுதப்பட்டது. சிங்கமோ காகிதத்தைத் தின்று வாழ்வதில்லை. அதற்கு நாள்தோறும் இரை வேண்டும். அந்த இரையிற் பெரும்பங்கு மால்தாரியின் எருமையும் பசுவுமாகவே இருந்தது. தன் பட்டியில் ஒரு மாடு குறைந்த ஒவ்வொரு காலையிலும், மாண்ட மாட்டின் உடலில் சிறிது நஞ்சைத் தூவிவிட அவனால் முடியும். காட்டின் நடுவே அதனைக் கண்டுபிடிப்பவர் யார்? அவன் பெரும்பாலும் அவ்வாறு செய்யவில்லை என்பதே சிங்கம் பிழைத்த வரலாற்றின் உட்கிடை எனலாம்.

இதனை வெறும் அஹிம்சை என்றோ, பக்தி என்றோ சொல்லி முடிப்பது எளிது. மால்தாரிகளிடம் தெய்வபக்தி மிகுதி என்பது மெய்யே. ஆயினும் அவர்களுடைய பொறுமைக்குப் பின்னால் ஒரு திருத்தமான வாழ்க்கைக் கணக்கும் இருந்தது. காட்டில் பரந்த மேய்ச்சல் நிலமும் ஆற்று நீரும் கிடைத்தன. அவற்றால் பாலும் நெய்யும் பெருகின. அந்த ஊதியத்தில் ஆண்டுக்குச் சில மாடுகள் சிங்கத்துக்குப் போவதை, காட்டுக்குச் செலுத்தும் வாரமாக அவர்கள் ஏற்றனர். இழப்பைக் குறைக்கும் உபாயங்களையும் அறிந்திருந்தனர். இரவில் மந்தை முழுதும் முள்வேலிக்குள் அடங்கிவிடும். பகலில் ஆயன் நீண்ட கழியும் கோடரியும் ஏந்தி மந்தையோடு நடப்பான். கிர் வனத்து எருமைகள் சிங்கத்தைக் கண்டால் சிதறி ஓடுவதில்லை. கன்றுகளை நடுவில் விட்டுக் கொம்புகளை வெளிப்புறம் காட்டி வளைந்து நிற்கும். உறுமலின் வேற்றுமையையும் வாலின் அசைவையும் கண்டு, சிங்கம் எச்சரிக்கிறதா, பாயப் போகிறதா என்பதை ஆயன் உணர்வான். சிங்கமும் கழியேந்திய மனிதனுக்கு வழிவிடப் பழகிற்று.

குஜராத்தின் புகழ்பெற்ற கவிஞர் ஜவேர்சந்த் மேகாணியின் 'சாரண கன்யா' என்ற கவிதை இவ்வாழ்விலிருந்தே பிறந்தது. துளசிசியாம் அருகே தன் கன்றை அடித்த சிங்கத்தைக் கைத்தடியொன்றால் விரட்டிய பதினான்கு வயதுச் சாரணப் பெண்ணே அதன் தலைவி. அவள் சிங்கத்தைக் கொல்லவில்லை. தன் பொருளை விட்டு விலகச் செய்தாள். கிர் வனத்து உறவின் நெறி முழுவதும் அச்செயலில் அடங்கியிருக்கிறது.

இக்கணக்கு சரிந்த காலங்களும் உண்டு. 1899-1900-இல் நேர்ந்த கொடிய பஞ்சத்தைக் குஜராத்தியர் 'சப்பனியா' என்று இன்றும் நடுக்கத்தோடு நினைவுகூர்வர். விக்கிரம சகாப்தத்தின் 1956-ஆம் ஆண்டு ஆதலின் அப்பெயர். மாடுகள் மடிந்தன, மான்களும் குறைந்தன. அதனைத் தொடர்ந்த ஆண்டுகளில் சிங்கங்கள் ஊர்ப்புறம் வந்து மனிதரையும் தாக்கலாயின. மழை பொய்த்தால் ஆயனுக்கும் சிங்கத்துக்கும் ஒருங்கே கேடு விளையும் என்பது அன்று கிடைத்த பாடம்.

சுதந்திரத்துக்குப் பின் ஜூனாகத் இந்தியாவோடு இணைந்தது. 1950-இல் ராஜ்கோட்டைச் சேர்ந்த கல்லூரி முதல்வர் வின்டர்-பிளைத் என்பவரும் தர்மகுமார்சிங்ஜி என்பவரும் அடிச்சுவடுகளைக் கொண்டு சிங்கங்களை எண்ணினர். 1965-இல் கிர் வனம் சரணாலயமாயிற்று. ஆயினும் 1968-ஆம் ஆண்டுக் கணக்கில் 177 சிங்கங்களே இருந்தன. அக்காலத்தில் அங்கு ஆராய்ச்சி செய்த பால் ஜோஸ்லின், சிங்கத்தின் உணவில் பெரும்பகுதி வீட்டுக் கால்நடையே என்று கண்டார். வெளியூர் மந்தைகளும் உட்புகுந்து புல்லைத் தின்றதால் மான்கள் அருகிவிட்டன. சிங்கம் அடித்த மாட்டின் தோலுக்காக ஏழை மக்கள் அதனை இரையிலிருந்து விரட்டினர். பசியோடு விலகிய சிங்கம் மீண்டும் ஒரு மாட்டை அடித்தது. ஏழைக்கும் ஏழைக்கும் இடையே சிங்கம் நின்ற காலம் அது.

இந்நிலையை மாற்ற 1972-இல் அரசு ஒரு பெருந்திட்டம் வகுத்தது. அப்போது வனத்தினுள் 129 நெஸ்களில் 845 குடும்பங்கள் வாழ்ந்தன. வெளிமந்தைகளைத் தடுக்கக் காட்டைச் சுற்றிக் கற்சுவர் எழுப்பப்பட்டது. அடுத்த பதினைந்து ஆண்டுகளில் சுமார் 590 மால்தாரிக் குடும்பங்கள் வெளியே குடியேற்றப்பட்டன. குடும்பத்துக்கு எட்டு ஏக்கர் நிலம் என்பது ஏற்பாடு. தலைமுறை தலைமுறையாக மாடு மேய்த்தவன் கையில் ஏர் கொடுத்தால் அது உடனே உழுமா? பலருக்குக் கிடைத்த நிலம் வளமற்றது. மேய்ச்சலின்றி மந்தைகள் கரைந்தன. வறுமையில் விழுந்தவர் பலர். பிழைப்பைத் தேடிப் பிறந்த ஊரை நீங்கி வந்த நமக்கு, ஊர் மாறுதல் என்பதன் பொருள் தெரியும். நாம் விரும்பி வந்தோம், அவர்கள் அனுப்பப்பட்டார்கள். இவ்வேற்றுமை சிறிதன்று.

எனினும் திட்டத்தின் மற்றொரு பயனையும் மறைப்பது நேர்மையாகாது. புல் தழைத்தது, புள்ளிமானும் கடமானும் பெருகின. ரவி செல்லமும், நம் நாங்குநேரியில் பிறந்த இயற்கை அறிஞர் ஏ. ஜே. டி. ஜான்சிங்கும் பின்னர் ஆராய்ந்தபோது, சிங்கத்தின் உணவில் பெரும்பகுதி காட்டு விலங்காக மாறியிருந்தது. ஆனால் 1987-88 வறட்சியில் பழைய பாடம் மீண்டும் வந்தது. 1978 முதல் 1991 வரையிலான காலத்தில் சிங்கங்கள் மனிதரைத் தாக்கிய நிகழ்ச்சிகள் 193. வறட்சிக்குப் பின் அவை பன்மடங்காயின. சுற்றுலாப் பயணிகளுக்குக் காட்டுவதற்காகக் கன்று கட்டிச் சிங்கத்தை வரவழைத்த வழக்கம், அது மனிதனிடம் கொண்டிருந்த கூச்சத்தைக் குறைத்திருந்ததும் ஒரு காரணமாகக் கருதப்பட்டது.

2025-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் சிங்கங்களின் தொகை 891. இவற்றுட் பாதிக்கு மேற்பட்டவை காப்புக்காட்டுக்கு வெளியே, நிலக்கடலை வயல்களிலும் மாந்தோப்புகளிலும் ஆற்றுப்படுகைகளிலும் வாழ்கின்றன. பயிரைத் தின்னும் நீலமானையும் காட்டுப் பன்றியையும் சிங்கம் விரட்டுவதால் அதனை விரும்பும் உழவர் உண்டு. இரவில் நீர் பாய்ச்சச் செல்ல அஞ்சுவோரும் உண்டு. சுவரற்ற கிணறுகளில் சிங்கங்கள் விழுந்து மாள்வது கண்டு, ஆயிரக்கணக்கான கிணறுகளுக்குக் கைப்பிடிச் சுவர் கட்டப்பட்டது. கொல்லப்பட்ட மாட்டுக்கு அரசு இழப்பீடு தருகிறது.

எல்லாச் சிங்கங்களும் ஒரே வட்டாரத்தில் இருப்பது ஆபத்து என்பதை 2018-ஆம் ஆண்டு காட்டிற்று. சில வாரங்களில் இருபதுக்கு மேற்பட்டவை நோயால் மாண்டன. வேறிடத்தில் குடியமர்த்தும் முயற்சி முன்பே நடந்ததுண்டு. 1957-இல் காசிக்கு அருகிலுள்ள சந்திரபிரபா வனத்தில் மூன்று சிங்கங்கள் விடப்பட்டன. அவை பதினொன்றாகப் பெருகி, 1965-க்குப் பின் அடியோடு மறைந்தன. சிங்கத்தோடு வாழ்ந்தறியாத மக்களிடையே அதனை விடுவது, விதையைப் பாறையில் தூவுவதற்கு ஒப்பாகும். பிற்காலத்தில் மத்தியப் பிரதேசத்துக் குனோ வனத்தில் சிங்கத்துக்கென்று 24 கிராமங்கள் காலி செய்யப்பட்டன. 2013-இல் உச்ச நீதிமன்றமும் இடமாற்றத்துக்கு ஆணையிட்டது. 2022-இல் அங்கு ஆப்பிரிக்கச் சிவிங்கிப் புலிகள் வந்தன. சிங்கம் வரவில்லை. சிங்கத்துக்காக வீட்டை விட்டவர்களின் தியாகத்துக்கு யார் கணக்குச் சொல்வது?

இவ்வரலாற்றிலிருந்து நாம் கொள்ளத் தக்க கருத்து ஒன்று உண்டு. கொடிய விலங்கும் குடியானவனும் ஒரே நிலத்தில் வாழ இயலும். ஆனால் அதன் செலவு முழுவதையும் குடியானவன் தலையிலேயே சுமத்தினால் இயலாது. சிங்கத்தால் வரும் பெருமை நாடு முழுவதுக்கும் உரியதெனில், அதனால் வரும் இழப்பிலும் நாடு முழுவதும் பங்கு கொள்ள வேண்டும்.

ஜூனாகத் நகருக்கு அருகே, கிர்னார் மலையடியில் ஒரு பெரும்பாறை இருக்கிறது. அதில் அசோகரின் சாசனங்கள் வெட்டப்பட்டுள்ளன. அவற்றுள் இரண்டாவது சாசனம், சோழ பாண்டிய நாடுகளையும் பெயர் சொல்லிக் குறித்து, அங்கெல்லாம் மனிதருக்கும் விலங்குகளுக்கும் மருத்துவ வசதி செய்யப்பட்டதாகக் கூறுகிறது. இருவகை உயிர்க்கும் சேர்த்தே அது பேசுகிறது. ஒன்றை விட்டு மற்றொன்றைச் சொல்லவில்லை. மேற்கே பயணம் செய்யும் நம் அன்பர்கள் சிங்கத்தைக் காணச் செல்லும் வழியில், அப்பாறையின் முன்னும் சற்று நிற்பார்களாக. வழியில் எருமை மந்தையோடு எதிர்ப்படும் மால்தாரியையும் வணங்கிச் செல்வார்களாக.