நாட்பட்ட தசை, எலும்பு வலியும் தற்கொலை ஆபத்தும்

தசை, எலும்பு, மூட்டு ஆகியவற்றில் மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் அல்லது திரும்பத் திரும்ப வரும் வலியை மருத்துவம் நாட்பட்ட வலி என்கிறது. 2020-இல் இடுப்புவலியால் மட்டும் உலகில் ஏறத்தாழ 61.9 கோடிப் பேர் அவதிப்பட்டனர். 1964-இல் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டை, ஆவடியின் ராணுவத் தளவாடத் தொழிற்சாலைகள், பூந்தமல்லியைச் சுற்றியுள்ள கிடங்குகள் என மேற்குச் சென்னைப் புறநகரில் பலரின் பிழைப்பே உடலுழைப்புதான். ஷிப்ட் முழுக்க லேத் முன் நிற்பவருக்கும், தையல் மெஷினில் குனிந்தே இருப்பவருக்கும், மூட்டை தூக்குபவருக்கும் இடுப்பு பிடித்துக்கொண்டால் மெடிக்கலில் வாங்கும் மாத்திரையும் தைலமுமே முதல் வைத்தியம். வலி நிலைத்துவிட்டால் தூக்கம் கெடுகிறது, லீவு கூடுகிறது, சம்பளம் குறைகிறது, கடன் ஏறுகிறது. உழைத்துக் குடும்பத்தைத் தாங்கியவர், தானே வீட்டுக்குப் பாரமாகிவிட்டதாக எண்ணத் தொடங்குகிறார். இந்த எண்ணமும் நம்பிக்கையின்மையும் சேரும் இடத்தில்தான் ஆபத்து கூடுகிறது.

நாட்பட்ட வலி உள்ளோர் தற்கொலையால் இறக்கும் ஆபத்து மற்றவர்களைவிடக் குறைந்தது இருமடங்கு என்று 2006-இல் வெளியான டாங், கிரேன் ஆகியோரின் ஆய்வுத் தொகுப்பு மதிப்பிட்டது. மனச்சோர்வுதான் உண்மைக் காரணம், வலி அதன் நிழல் மட்டுமே என்று சிலர் மறுப்பார்கள். அது பாதி உண்மை. அமெரிக்க முன்னாள் படைவீரர்கள் 48 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பதிவுகளை ஆராய்ந்து 2013-இல் வெளியான ஆய்வில், முதுகுவலி உள்ளோரிடம் தற்கொலை ஆபத்து 33 சதவீதம் கூடுதலாக இருந்தது. மனநலக் கோளாறுகளையும் கணக்கில் எடுத்தபோது அது 13 சதவீதமாகக் குறைந்ததே தவிர, மறையவில்லை. மூட்டுவாதத்தில் அத்தகைய கூடுதல் ஆபத்து தென்படவில்லை. ஆகவே எல்லா வலியும் ஒன்றல்ல. வலியுள்ளோரில் மிகப் பெரும்பாலோர் தற்கொலையை நாடுவதுமில்லை. ஆனால் மனச்சோர்வுக்கு மட்டும் மருந்து கொடுத்து வலியை விட்டுவிடுவதும், வலிக்கு மட்டும் மாத்திரை எழுதி மனதை விட்டுவிடுவதும் அரைகுறை வைத்தியமே.

அமெரிக்கப் படைவீரர் கணக்கு அம்பத்தூர்த் தொழிலாளிக்குப் பொருந்துமா என்ற கேள்வி நியாயமானது. அளவு அப்படியே பொருந்தாது. ஆனால் வேலைக்குப் போகாத நாளில் கூலியும் இல்லாதவருக்கு வலியின் விளைவு கடுமையாகவே இருக்கும். தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 அறிக்கைப்படி தமிழ்நாட்டில் 19,834 பேர் தற்கொலையால் இறந்தனர். நாடு முழுவதும் இவ்வாறு இறந்தோரில் 26.4 சதவீதம் பேர் தினக்கூலிகள், 18.4 சதவீத இறப்புகளுக்கு நோய் காரணமாகக் குறிக்கப்பட்டது. அந்த அறிக்கையில் நாட்பட்ட வலிக்குத் தனி வகைப்பாடு இல்லை. ‘மற்ற நீடித்த நோய்கள்’ என்ற பொதுத் தலைப்புக்குள் அது கரைந்துபோகிறது. இடுப்புவலியில் தொடங்கி வேலையிழப்பாகவும் குடும்பச் சண்டையாகவும் முற்றிய துயரம், கடைசியில் குடும்பப் பிரச்சினை என்றே பதிவாகலாம்.

தற்கொலை பற்றிக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்ற அச்சம் பலருக்கு உண்டு. அது தவறு என்று உலக சுகாதார நிறுவனம் தெளிவாகச் சொல்கிறது. கேட்பது பாரத்தை இறக்கிவைக்க வழி தருகிறது. வலியைக் குறைக்கவும் வழிகள் உண்டு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்நாடு அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறை சிகிச்சை வீட்டுக்கே வருகிறது. கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு அதே ஆண்டில் சட்டமும் இயற்றியது. இவற்றோடு, எலும்பு சிகிச்சைப் பிரிவிலும் இயன்முறை சிகிச்சையிலும் தூக்கம், மனநிலை, வாழும் விருப்பம் பற்றி இரண்டு மூன்று கேள்விகள் கேட்பது வழக்கமாக வேண்டும். நாட்பட்ட வலியையும் மன வேதனையையும் குறைக்கச் சிகிச்சை உண்டு. வலியில் நம்பிக்கை இழப்பவர்களும் அவர்களின் குடும்பத்தினரும் மனநல உதவி எண்ணான டெலிமனாஸ் 14416, தமிழக சுகாதார உதவி எண் 104, சென்னையின் தற்கொலைத் தடுப்பு அமைப்பான ஸ்நேகா 044-24640050 ஆகியவற்றைத் தயங்காமல் அழைக்க வேண்டும்.