கடைசி ஆசாமி விளக்கை அணைக்கவும்

1971, ஏப்ரல் மாதம். அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில், விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு விளம்பரப் பலகை முளைத்தது. 'சியாட்டிலை விட்டுக் கிளம்பும் கடைசி ஆசாமி, விளக்கை அணைத்துவிட்டுப் போவாரா?' வைத்தவர்கள் இரண்டு ரியல் எஸ்டேட்காரர்கள். ஊரே இழவு வீடு மாதிரி கிடக்கிறதே, கொஞ்சம் சிரிக்கட்டும் என்று வைத்தார்களாம். சிரிக்கிற நிலைமையில் நிறையப் பேர் இல்லை.

பூகம்பமா, வெள்ளமா? ஒன்றுமில்லை. விமானக் கம்பெனிகள், 'இப்போதைக்குப் புது விமானம் வேண்டாம்' என்று சொல்லிவிட்டன. அவ்வளவுதான்.

கொஞ்சம் பின்னால் போவோம். 1960-களின் நடுவில் ஜெட் விமானம் ஏறுகிறவர்களின் எண்ணிக்கை வருஷா வருஷம் எகிறிக்கொண்டிருந்தது. அந்தக் கோட்டை ஸ்கேல் வைத்து அப்படியே மேலே நீட்டினார் ஹுவான் ட்ரிப். பான் ஆம் கம்பெனியின் தலைவர். போயிங் தலைவர் பில் ஆலனிடம், 'நீங்க கட்டினா நான் வாங்கறேன்' என்று இவர் சொல்ல, 'நீங்க வாங்கினா நான் கட்டறேன்' என்று அவர் சொன்னதாக ஒரு கதை உண்டு. 1966 ஏப்ரலில் 25 விமானங்களுக்கு ஆர்டர். 52 கோடியே 50 லட்சம் டாலர். விமானம் எங்கே? காகிதத்தில்கூட முழுசாக வரவில்லை! அதுதான் பின்னால் ஜம்போ என்று பேர் வாங்கிய போயிங் 747. அன்றைய 707-ஐப் போல இரண்டு மடங்குக்கு மேல் ஆட்களை ஏற்றும்.

பான் ஆம் வாங்குகிறது என்றால் பக்கத்துக் கடைக்காரன் சும்மா இருப்பானா? டி.டபிள்யூ.ஏ., அமெரிக்கன், யுனைடெட் என்று எல்லோரும் வரிசையில் வந்து நின்றார்கள்.

வில்லங்கம் இங்கேதான். கல்யாணத்துக்கு மண்டபம் பிடித்து, சமையல்காரருக்கு அட்வான்ஸ் கொடுத்தால், முகூர்த்தம் நாலைந்து மாதத்தில் வந்துவிடும். விமானத்தின் முகூர்த்தமோ மூன்று, நான்கு வருஷம் தள்ளி! ஆர்டர் கொடுத்த நாளில் இருந்த செழிப்பு டெலிவரி எடுக்கிற நாளிலும் இருக்கும் என்று எந்த அக்ரிமென்ட்டிலும் எழுத முடியாது. நடுவில் தவணை தவணையாக முன்பணம் வேறு கட்ட வேண்டும்.

போயிங்கின் பாடு அதைவிட மோசம். எவரெட் என்ற இடத்தில், உலகத்திலேயே கொள்ளளவில் மிகப் பெரிய கட்டடத்தை இதற்காகவே எழுப்பினார்கள். வங்கிகளிடம் வாங்கிய கடன் மட்டும் 120 கோடி டாலர். அந்தக் காலத்துக்கு அது ஒரு ரெக்கார்டு. போதாக்குறைக்கு, புது எஞ்ஜின் மக்கர் செய்தது. பிராட் அண்ட் விட்னி கம்பெனியிடமிருந்து நல்ல எஞ்ஜின் வந்து சேரும்வரை, இருபது விமானங்கள்வரை தொழிற்சாலையிலேயே நின்றன. சமநிலை கெடாமல் இருக்க, எஞ்ஜின் தொங்க வேண்டிய இடத்தில் கான்கிரீட் கட்டிகளைத் தொங்கவிட்டார்கள். விற்ற சரக்கு வாசலில் நிற்கிறது, காசு கைக்கு வரவில்லை, வட்டி மட்டும் ஓடுகிறது. பி.காம். படித்த எனக்கு இதைப் படிக்கும்போதே வயிற்றைக் கலக்குகிறது.

1970 ஜனவரி 22. நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு முதல் பயணம். அன்றைக்கும் எஞ்ஜின் சூடாகி, வேறு விமானம் மாற்றி, ஆறு மணி நேரத்துக்கு மேல் லேட். அதைவிடப் பெரிய லேட் ஒன்று இருந்தது. அமெரிக்காவில் பொருளாதார மந்தம் தொடங்கியது 1969 டிசம்பரில். அதாவது, பந்தி பரிமாறத் தயாரானபோது விருந்தாளிகள் கிளம்பிவிட்டார்கள்!

காலி ஸீட்டுகளை என்ன செய்வது? அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1971-ல், பின்பகுதியில் ஸீட்டுகளைப் பிடுங்கிவிட்டு பியானோ பார் வைத்தது. பழைய புகைப்படங்களில் பார்த்தால் ராஜபோகமாகத் தெரியும். உண்மையில் அது ஆள் வராத கடையில் வைத்த அலங்காரம்.

இந்த லட்சணத்தில் புது விமானம் யாருக்கு வேண்டும்? கைவசம் இருந்த ஆர்டர்களைத் தள்ளிப்போட்டார்கள். போயிங்குக்கு அமெரிக்க விமானக் கம்பெனிகளிடமிருந்து 17 மாதம் ஒரே ஒரு புது ஆர்டர்கூட வரவில்லை. 1971 மார்ச்சில், ஒலியைவிட வேகமாகப் பறக்கும் விமானத் திட்டத்துக்கு அரசாங்கம் கொடுத்துவந்த பணமும் நின்றது. சியாட்டில் வட்டாரத்தில் 1967-ல் லட்சம் பேர் போயிங்கில் வேலை பார்த்தார்கள். 1971 ஏப்ரலில் 39 ஆயிரத்துக்கும் கீழே. ராக்கெட் சயின்ஸ் தெரிந்த எஞ்ஜினீயர்கள் எந்த வேலை கிடைத்தாலும் சரி என்று அலைந்தார்கள். ஜப்பானில் உள்ள கோபே, சியாட்டிலின் சகோதர நகரம். அங்கிருந்து உணவுப் பொருட்கள் அனுப்பி வைத்தார்கள். போரில் அமெரிக்க விமானங்கள் குண்டு போட்டு எரித்த ஊர் அது. அந்த பி-29 விமானங்களும் போயிங் செய்தவைதான்.

விமானக் கம்பெனிகளுக்காவது தப்பிக்க ஒரு வழி இருந்தது. பறந்தால் நஷ்டமா? தரையில் நிறுத்து! 1973 அக்டோபரில் எண்ணெய் நெருக்கடி வந்து, சில மாதங்களில் கச்சா எண்ணெய் விலை நாலு மடங்கு ஆனபோது அதைத்தான் செய்தார்கள். நிறுத்துவதும் லேசுப்பட்ட காரியமில்லை. காற்றில் ஈரம் இருந்தால் உலோகம் அரிக்கும், அதனால் அரிசோனா மாதிரி வறண்ட பாலைவனம் வேண்டும். எஞ்ஜினில் குருவி கூடு கட்டாமல் மூட வேண்டும், ஜன்னல்களை வெயில் படாமல் மறைக்க வேண்டும், சக்கரங்களை அவ்வப்போது உருட்டிவிட வேண்டும். தரையில் நிற்கிற விமானம் பெட்ரோல் குடிக்காது, வாஸ்தவம். ஆனால் கடனுக்கு வட்டி? அது பாலைவனத்திலும் வளரும். எண்ணெய் விலை, கடன் என்று அடி மேல் அடி வாங்கிய பான் ஆம், 1991 டிசம்பரில் மூடியே போனது.

டி.டபிள்யூ.ஏ. வேறு முடிவெடுத்தது. சும்மா நின்ற ஜம்போக்களில் சிலவற்றை விற்கத் துணிந்தது. நாலு மடங்கு விலையில் எண்ணெய் போட்டுப் பறக்கிற வண்டியை யார் வாங்குவார்கள்?

1975-ல் ஆள் கிடைத்தார். எண்ணெய் விலையை ஏற்றுவதில் முன்னால் நின்ற ஈரான் மன்னர் ஷாவின் விமானப்படை.