இந்திய அமைதி காக்கும் படை விலகல்

இந்திய அமைதி காக்கும் படை விலகல் என்பது, இலங்கையின் வடக்கு, கிழக்கு மாகாணங்களில் 1987 முதல் நிலைகொண்டிருந்த இந்தியப் படை, இரு நாட்டு அரசுகளின் பேச்சுவார்த்தைகளுக்குப் பின்னர் 1990 மார்ச்சில் முழுமையாக வெளியேறிய நிகழ்வைக் குறிக்கும். திரும்பிய படையினருக்குச் சென்னைத் துறைமுகத்தில் வரவேற்பு அளிக்கப்பட்டது.

பின்னணி

1987 ஜூன் 4 அன்று இந்திய வான்படை, இலங்கை அரசின் ஒப்புதலின்றி யாழ்ப்பாணப் பகுதியில் நிவாரணப் பொருட்களை வானிலிருந்து போட்டது. இது பூமாலை நடவடிக்கை எனப்படுகிறது. அவ்வாண்டு ஜூலை 29 அன்று, இந்தியப் பிரதமர் ராஜீவ் காந்தியும் இலங்கைக் குடியரசுத் தலைவர் ஜே. ஆர். ஜெயவர்தனாவும் கொழும்பில் இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர். மோதல் நிறுத்தத்தை உறுதிசெய்யத் தேவைப்பட்டால், இலங்கைக் குடியரசுத் தலைவர் இந்தியப் படையை அழைக்கலாம் என்று அதன் இணைப்பு கூறியது. எனவே, படையின் இருப்புக்கு இலங்கையின் அழைப்பே சட்ட அடிப்படையாக அமைந்தது. விடுதலைப் புலிகள் இவ்வொப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை. 1987 அக்டோபரில் அவர்களுக்கும் இந்தியப் படைக்கும் இடையே போர் மூண்டது.

பேச்சுவார்த்தைகள்

1989 ஜனவரியில் பதவியேற்ற ரணசிங்க பிரேமதாசா, ஜூலை 29க்குள் படை வெளியேற வேண்டும் என்று ஜூன் 1 அன்று அறிவித்தார். தமிழர் பகுதிகளுக்கு அதிகாரப் பகிர்வும் படை விலகலும் இணைந்தே நடைபெற வேண்டும் என்பது இந்தியாவின் நிலைப்பாடு. எனினும், அழைத்த அரசே வெளியேறக் கோரியதால் இந்தியாவின் நிலை வலுவிழந்தது. ஜூலை 29 அன்று ஒரு சிறு பிரிவு திரும்பியது. செப்டம்பர் 18 அன்று விலகல் குறித்த உடன்பாடு கையெழுத்தானது. டிசம்பரில் பிரதமரான வி. பி. சிங் விலகலைத் தொடர்ந்தார்.

சென்னைத் துறைமுக வரவேற்பு

இறுதிப் பிரிவு 1990 மார்ச் 24 அன்று திருகோணமலையிலிருந்து கப்பலில் புறப்பட்டது. ஈழத்தமிழர்கள் இப்படையால் கொல்லப்பட்டதைச் சுட்டிக்காட்டி, அப்போதைய தமிழக முதலமைச்சர் மு. கருணாநிதி துறைமுக வரவேற்பில் பங்கேற்க மறுத்தார். இது கடும் விவாதத்துக்கு உள்ளானது.

விளைவுகள்

இந்நடவடிக்கையில் ஏறத்தாழ 1,200 இந்தியப் படையினர் உயிரிழந்தனர். யாழ்ப்பாணம் உள்ளிட்ட பகுதிகளில் பொதுமக்கள் பலரும் கொல்லப்பட்டனர். 1990 ஜூனில் இலங்கை அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே இரண்டாம் ஈழப்போர் தொடங்கியது. ஒப்பந்தத்தின்படி இணைக்கப்பட்ட வடக்கு, கிழக்கு மாகாணங்களின் இணைப்பு செல்லாது என 2006 அக்டோபரில் இலங்கை உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒப்பந்தத்தைத் தொடர்ந்து 1987இல் நிறைவேற்றப்பட்ட 13ஆம் அரசியலமைப்புத் திருத்தம் நடைமுறையில் உள்ளது. எனினும், அதன் காணி, காவல்துறை அதிகாரங்கள் மாகாணங்களுக்கு முழுமையாக வழங்கப்படவில்லை.