நில உரிமைச் சட்டமும் கௌரியம்மாவின் அமைச்சர் வாழ்வும்

விடுதலைக்குப் பின் அமைச்சரவைக்கு வந்த பெண்களுக்குப் பெரும்பாலும் சுகாதாரம், சமூகநலம் போன்ற துறைகளே வாய்த்தன. மத்தியில் ராஜகுமாரி அம்ரித் கௌருக்குச் சுகாதாரம். 1957இல் காமராஜர் அமைச்சரவையில் லூர்தம்மாள் சைமனுக்கு உள்ளாட்சியும் மீன்வளமும். அதே ஆண்டு கேரளத்தில் கே.ஆர். கௌரியம்மாவிடம் வருவாய்த்துறை வந்தது. நிலம் யாருக்கு என்ற வழக்கு முழுவதும் அந்தத் துறையின் மேசையில்தான் கிடந்தது.

1919இல் சேர்த்தலை அருகே பட்டணக்காட்டில் ஈழவக் குடும்பத்தில் பிறந்த கௌரியம்மா, சட்டம் படித்துக் கம்யூனிஸ்ட் இயக்கத்துக்கு வந்தவர். குத்தகைதாரர்களின் வழக்குகள் எங்கே சறுக்கும் என்பது அவருக்குத் தெரியும். முதல்வர் ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாடின் கம்யூனிஸ்ட் அமைச்சரவை 1957 ஏப்ரல் 5இல் பதவியேற்றது. ஏப்ரல் 11இல் குடியானவர்களை வெளியேற்றத் தடை விதிக்கும் அவசரச் சட்டம் வந்துவிட்டது. இந்த வேகத்துக்குக் காரணம் இருந்தது. சீர்திருத்தம் வருகிறது என்ற பேச்சு கிளம்பினாலே, நிலவுடைமையாளர்கள் முந்திக்கொண்டு குத்தகைதாரர்களைக் கிளப்பிவிடுவார்கள். சட்டம் வந்து சேரும்போது அதனால் பயன்பெற வேண்டியவர் நிலத்தில் இருக்கமாட்டார்.

அடுத்து வந்த விவசாய உறவு மசோதாவின் பயணம் நெடியது. 1959 ஜூனில் சட்டமன்றம் அதை நிறைவேற்றியது. ஜூலை 31இல் மத்திய அரசு அந்த ஆட்சியையே கலைத்தது. திருத்தங்களுடன் 1961இல் ஒப்புதல் கிடைத்தது. அதே ஆண்டு டிசம்பரில், ஹொஸ்துர்க், காசர்கோடு வட்டங்களில் அரசுக்கு நேரடியாக வரி செலுத்தும் ரயத்துவாரி நிலங்களுக்கு அது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 1967இல் கௌரியம்மா மீண்டும் வருவாய்த்துறைக்கு வந்தார். 1969இன் நிலச் சீர்திருத்தத் திருத்தச் சட்டம் அவர் பொறுப்பில் உருவானது. 1970 ஜனவரி 1இல் அது நடைமுறைக்கு வந்தபோது அவர் அமைச்சராக இல்லை. ஆட்சி அச்சுத மேனன் கைக்குப் போயிருந்தது.

அந்தச் சட்டத்தின் உயிர்நாடி குடிகிடப்பு உரிமை. பிறர் நிலத்தில் குடிசை போட்டு வாழ்ந்தவருக்கு அந்த மண்ணில் எந்தப் பிடிமானமும் கிடையாது. நிலவுடைமையாளரின் மனம் கோணினால் குடிசை போய்விடும். இப்போது ஊராட்சியில் 10 சென்ட், நகராட்சியில் 5, மாநகராட்சியில் 3 சென்ட் வரை அவர் விலைக்கு வாங்கிக்கொள்ளலாம் என்றானது. கூலிக்காக வாதாடினால் வீடு போகும் என்ற பயம் விலகியது. ஆனால் உழுநிலம் குத்தகைதாரருக்கே போனது. வயலில் இறங்கி உழைத்த தலித் தொழிலாளிக்குக் கிடைத்தது மனையடி மட்டுமே. தோட்டங்கள் உச்சவரம்புக்கு வெளியே நின்றன. சட்டத்தின் இந்தப் பெருங்குறையை மறைக்க முடியாது.

1964இல் கட்சி பிளந்தபோது குடும்பமும் பிளந்தது. கணவர் டி.வி. தாமஸ் இந்திய கம்யூனிஸ்ட் கட்சியில் நின்றார், கௌரியம்மா மார்க்சிஸ்ட் பக்கம் போனார். 1967இல் இருவரும் ஒரே அமைச்சரவையில் வெவ்வேறு கட்சிகளின் அமைச்சர்கள்!

1987 தேர்தலில் கௌரியம்மாவே முதல்வர் என்று இடதுசாரி மேடைகளில் முழக்கம் எழுந்தது. வெற்றிக்குப் பின் அந்த நாற்காலியில் அமர்ந்தவர் அதே கட்சியின் ஈ.கே. நாயனார்; கௌரியம்மாவுக்குத் தொழில்துறை. 1994இல் கட்சி அவரை வெளியேற்றியது. ஜனாதிபத்ய சம்ரக்ஷண சமிதியைத் தொடங்கி காங்கிரஸ் தலைமையிலான எதிரணிக்குப் போன அவர், 2001 முதல் 2006 வரை ஆண்டனி, உம்மன் சாண்டி அமைச்சரவைகளில் இடம்பெற்றார். கொள்கை மாறிவிட்டார் என்று பழைய தோழர்கள் பேசினார்கள்.

நிலத்தின் விஷயத்தில் அந்தப் பேச்சு பொருந்தாது. பழங்குடியினர் இழந்த நிலத்தை மீட்டுத் தரும் 1975ஆம் ஆண்டுச் சட்டம் பல்லாண்டு செயல்படாமல் கிடந்தது. 1996இல் அதை நீர்த்துப்போகச் செய்யும் திருத்தம் சட்டமன்றத்துக்கு வந்தபோது இடதுசாரி, காங்கிரஸ் முன்னணிகள் இரண்டும் கைகோத்தன. 140 உறுப்பினர் கொண்ட அந்தச் சபையில் எதிர்த்து நின்றவர் கௌரியம்மா ஒருவரே.