கரி பஸ்

சென்ற வருஷம் பனிக்காலத்தில் ஒரு நாள் இரவு, நார்வேயில் வேலை பார்க்கும் என் அண்ணன் மகன் டெலிபோனில் கூப்பிட்டான். குசலம் விசாரித்து முடிந்ததும், "சித்தப்பா, கார்ல ஹீட்டர் ஒரே இரைச்சல். வெள்ளை வெள்ளையாப் புகையும் தள்ளுது. என்ன கோளாறா இருக்கும்?" என்று கேட்டான்.

தூத்துக்குடியில் பிறந்து, உப்பளத்துக் காற்றிலும் சித்திரை வெயிலிலும் வெந்தவன் நான். குளிர் காயும் யந்திரத்தைப் பற்றி என்னிடம் யோசனை கேட்டால் சிரிப்பு வருமா, வராதா? சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. "பெரிய தாத்தா கரி பஸ்ல கிளீனரா இருந்தாங்கன்னு நீங்கதானே கதை சொல்லுவீங்க? இதுவும் வண்டிக்குள்ள அடுப்பு மாதிரிதான் சித்தப்பா" என்றான். அந்த ஒரு வார்த்தை என்னை எண்பது வருஷங்களுக்குப் பின்னால் தள்ளிவிட்டது.

அவன் சொன்னது சரிதான். டீஸல் எஞ்சின் சிக்கனமான யந்திரம். எண்ணெயின் சூட்டை வீணாக்காமல் வேலையாக மாற்றிவிடுவதால், குளிர் தேசத்தில் காருக்குள் இருப்பவர்களுக்குக் கொடுப்பதற்கு அதனிடம் மிச்சச் சூடு போதாது. ஆகவே சில கார்களில் தனியாக ஒரு சின்ன அடுப்பை வைத்திருக்கிறார்கள். அது டாங்கியிலிருந்து டீஸலைச் சொட்டுச் சொட்டாக வாங்கி, ஒரு விசிறி ஊதும் காற்றில் எரித்து, எஞ்சினைச் சுற்றி ஓடும் தண்ணீரைச் சூடாக்கும். புகை போவதற்குத் தனிக் குழாய் உண்டு. வண்டியோடு கூடவே ஓடும் அடுப்பு. இதைத்தான் எங்கள் தாத்தா தமது பதினைந்தாவது வயதில், இதைவிடப் பெரிய உருவத்தில், தூத்துக்குடி - திருநெல்வேலி சாலையில் ஊட்டி வளர்த்தார்.

யுத்தம் 1939-ல் ஐரோப்பாவில் ஆரம்பித்தது. 1941-லேயே இந்தியாவில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்துவிட்டது. மறு வருஷம் மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கையில் விழுந்தது. ஏப்ரலில், ஏனாங்யாவுங் எண்ணெய்க் கிணறுகளைப் பின்வாங்கிய பிரிட்டிஷாரே அழித்துவிட்டுப் போனார்கள். பர்மா எண்ணெய் நின்றது. அதே மாதம் எங்கள் ஊருக்கு எதிர்க்கரையான கொழும்பில் குண்டு விழுந்தது. கிடைத்த பெட்ரோல் பட்டாளத்துக்குப் போக, பஸ் முதலாளிகளுக்கு இரண்டே வழிகள் இருந்தன. வண்டியை ஷெட்டில் பூட்டலாம். அல்லது கரியில் ஓட்டலாம்.

கரியில் மோட்டார் ஓட்டும் வித்தை அப்போது புதிதல்ல. பிரான்ஸ் தேசத்து ஜார்ஜ் இம்பெர்ட் என்பவர் 1920-களிலேயே விறகு வாயுவில் வண்டி ஓட்டும் கருவியைச் செய்து காட்டியிருந்தார். யுத்தகாலத்தில் ஜெர்மனியிலும் ஸ்வீடனிலும் இப்படிப்பட்ட வண்டிகள் பெருகின. 1940-ல் ஜெர்மானியர் பிடித்துக்கொண்ட நார்வேயிலும் மரத்துண்டுகளை எரித்துத்தான் கார்கள் ஓடின. அந்தத் துண்டுகளுக்கு அங்கே 'க்னாட்' என்று பெயர். என் அண்ணன் மகன் இன்று கார் ஓட்டும் தெருக்களில் அன்று ஓடியவை நமது கரி பஸ்ஸின் ஒன்றுவிட்ட சகோதரர்கள்தாம்.

நமது பக்கத்தில் இந்தக் காரியத்தில் முன் நின்றவர் திருக்குறுங்குடியில் 1877-ல் பிறந்த டி.வி. சுந்தரம் ஐயங்கார். 1911-ல் மதுரையில் தொழில் தொடங்கிய அவர், பெட்ரோல் பஞ்சம் வந்தபோது 'டி.வி.எஸ். காஸ் பிளாண்ட்' என்ற கரிவாயுக் கருவியைச் செய்து வெளியிட்டார். ஓடாமல் நின்றிருக்க வேண்டிய வண்டிகள் ஓடின.

பஸ்ஸின் முதுகில் ஓர் இரும்புப் பீப்பாய். அதில் மேலிருந்து கரியைக் கொட்டி மூடியை இறுக்கவேண்டும். எங்கள் சீமையில் உடைமரத்துக்குப் பஞ்சமில்லை. உடங்கரி நன்றாகச் சூடு பிடிக்கும். அடியில் நெருப்பு. நெருப்புக்குப் போதுமான காற்றைக் கொடுத்தால் கரி முழுக்க எரிந்து கரியமிலவாயுவாகிவிடும். அது எதற்கும் உதவாது. காற்றை அளந்து, குறைத்துக் கொடுத்தால், பழுக்கக் காய்ந்த கரியின் ஊடே போகும் அந்தக் கரியமிலவாயு மறுபடியும் மாறி, கார்பன் மோனாக்ஸைடு என்ற எரியும் வாயுவாகிறது. அதைக் குழாய்களில் குளிரவைத்து, தூசி வடிகட்டி, எஞ்சினுக்குள் விடுவார்கள். பாதிக்கு மேல் நைட்ரஜன் கலந்த ஏழை வாயு அது. எனவே பெட்ரோலில் கிடைக்கும் சக்தியில் பாதிக்குச் சற்று மேல்தான் கிடைக்கும். வல்லநாட்டு மேட்டில் பஸ் முக்கி முனகும். ஆண் பிள்ளைகளெல்லாம் இறங்கி நடப்பார்கள். பெண்களும் கிழவர்களும் உட்கார்ந்திருப்பார்கள். மேடு தாண்டியதும் ஓடி ஏறிக்கொள்ள வேண்டியது.

காலை ஆறு மணிக்குப் பஸ் புறப்பட வேண்டுமென்றால் தாத்தா ஐந்து மணிக்கே எழுந்திருக்கவேண்டும். சாம்பலைத் தட்டி, கட்டியாக உறைந்த கசடைக் கம்பியால் குத்தி எடுத்து, தீ மூட்டி, ஊதுவிசிறியின் கைப்பிடியைக் கால் மணி நேரம் சுற்றவேண்டும். அந்த விசிறியின் கிறீச்சலில் தெருவே விழித்துக்கொள்ளுமாம். முதலில் புகை வெள்ளையாக வரும். பிறகு மெலியும். அதன் வாயில் தீக்குச்சியைக் காட்டினால், பிடித்த தீ நீலமாக நின்று எரியவேண்டும். அப்போதுதான் டிரைவர் வந்து எஞ்சினைக் கிளப்புவார்.

"சத்தத்தையும் புகையையும் படிக்கத் தெரிஞ்சவன்தாம்ல மெக்கானிக்கு" என்பார் தாத்தா. வெள்ளைப் புகை ஓயாமல் வந்தால் கரியில் ஈரம். பழுப்பாகக் கண்ணைக் கரித்தால் சரியாக வேகாத கரி. உள்ளே விறகு இருக்கிறது. அதன் கீல் எஞ்சினுக்குள் போய் வால்வுகளைப் பிசினாகப் பிடித்துக்கொள்ளும். குழாயில் 'டப்' என்று வெடித்தால் எங்கோ மூடி சரியாக இறுகவில்லை; காற்றுப் புகுந்துவிட்டது. விசிறி ஊளையிட்டால் அதன் குண்டுகள் தேய்ந்துவிட்டன. வண்டி இழுக்கவில்லையென்றால் வடிகட்டியில் தூசி. இவ்வளவையும் ஒரு பாட்டைப் போல ஒப்பிப்பார்.

ஆனால் அவர் சொல்லத் தயங்கிய கதை ஒன்று உண்டு. நான் காலேஜில் இன்டர்மீடியட் போல இரண்டு வருஷம் படித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்த நாளில் ஒரே ஒரு முறை சொன்னார். அவரோடு இன்னொரு பையன் கிளீனராக இருந்தான். ஐப்பசி மாதத்து அடைமழை. இரவு வண்டியை ஷெட்டில் விட்டார்கள். சாரல் அடிக்கிறதென்று அந்தப் பையன் கதவைச் சாத்திக்கொண்டு, கதகதப்புக்காகப் பீப்பாயின் ஓரமாகச் சாக்கை விரித்துப் படுத்துவிட்டான். தாத்தா அன்று வீட்டுக்குப் போயிருந்தார். விடியற்காலையில் வந்து, "ஏலே, எந்திரிடே" என்று காலைத் தட்டினார். அவன் எழுந்திருக்கவில்லை. "முகம் நல்லா செவந்து, தூங்குற பிள்ளை மாதிரியே கெடந்தான்லே. ஷெட்டுல ஒரு பொட்டுப் புகை இல்லை" என்றார். அதற்கு மேல் அவருக்குப் பேச்சு வரவில்லை.

ஒரு பொட்டுப் புகை இல்லை என்பதுதான் விஷயம். எஞ்சின் ஓடும்போது அது வாயுவை உறிஞ்சிக்கொண்டே இருக்கிறது. ஓட்டை இருந்தால் வெளிக்காற்றுத்தான் உள்ளே போகும். எஞ்சினை நிறுத்தியபின்போ பீப்பாய்க்குள் கரி கனன்றுகொண்டே இருக்கும். பிறக்கும் வாயு அதே ஓட்டை வழியாக வெளியே கசியும். எந்த வாயு பஸ்ஸை நகர்த்தியதோ அதே வாயுதான் அந்தப் பையனைக் கொன்றது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. பிராணவாயுவைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேல் பலமாக அது ரத்தத்தைப் பற்றிக்கொள்கிறது. முதலில் தலைவலி, பிறகு அசதி, பிறகு உறக்கம். அந்த யுத்தகாலத்தில் ஸ்வீடன் தேசத்து வைத்தியர்களிடம் இந்த நோயோடு வந்தவர்கள் ஏராளம். இன்றும் கொடைக்கானலிலும் ஊட்டியிலும் குளிருக்குப் பயந்து அறைக்குள் கரி அடுப்பை வைத்துக்கொண்டு படுத்தவர்கள் எழுந்திருக்கவில்லை என்று பத்திரிகையில் படிக்கிறோம்.

யுத்தம் முடிந்து பெட்ரோல் திரும்பி வந்ததும் கரி பஸ் மறைந்துபோயிற்று. பிறகு டீஸல் வந்தது. பீப்பாய்கள் பழைய இரும்புக் கடைக்குப் போயின. அவற்றோடு அந்தப் படிப்பும் போய்விட்டது.

இவ்வளவும் நினைவுக்கு வந்ததும் நான் டெலிபோனில் அவனிடம் கேட்ட முதல் கேள்வி புகையைப் பற்றியதல்ல. "சத்தத்தை எங்கே வச்சுக் கேட்டே?" என்றேன்.

"கராஜுக்குள்ளதான் சித்தப்பா. வெளியே பனி. கதவைச் சாத்திட்டு அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்தேன். தலை வலிக்குது, வந்து படுத்துட்டேன்."

எனக்கு வயிற்றைக் கலக்கியது. "இனிமே கதவைத் திறக்காம அதைத் தொடாதே. சரியாகிற வரைக்கும் பிள்ளையை அந்தக் காரில் ஏத்தாதே" என்று சொல்லி, அந்தப் பையனின் கதையையும் சொன்னேன். மறுமுனையில் சற்று நேரம் சத்தமே இல்லை.

நாலு நாள் கழித்து மெக்கானிக் அதைப் பிரித்துப் பார்த்தார். கோடை முழுவதும் ஓட்டாமல் கிடந்ததால் அடுப்பின் அறையில் கரி படிந்திருந்தது. மூட்டும் கம்பி பலவீனமாகிவிட்டதால் எண்ணெய் சரியாகப் பற்றாமல் வெள்ளைப் புகையாகப் போயிருக்கிறது. ஊளையிட்டது விசிறியின் தேய்ந்த குண்டுகள். தாத்தாவின் பாட்டில் மூன்று அடிகள் அப்படியே பலித்துவிட்டன! நாலாவது ஒன்றும் இருந்தது. பனி உருகுவதற்காக அங்கே சாலையில் உப்பைத் தூவுகிறார்கள். அந்த உப்பு புகைக்குழாயைத் தின்று, காரின் தளத்துக்கு அடியிலேயே ஓட்டை போட்டிருந்தது. உப்பு விளையும் ஊரில் பிறந்தவனை உப்பு அவ்வளவு தூரம் தேடிப் போயிருக்கிறது.

எங்கள் ஊர் மூச்சின் விலை தெரிந்த ஊர். 1955 முதல் 1961 வரை வருஷந்தோறும் இங்கே முத்துக்குளிப்பு நடந்தது. அதற்குப் பிறகு நடக்கவில்லை. குளிப்பவன் கல்லைக் கட்டி இறங்குவான். மேலே கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒருவன் நிற்பான். மூச்சு முட்டினால் கீழே இருப்பவன் கயிற்றை இழுப்பான். மேலே இருப்பவன் தூக்கிவிடுவான். உடம்பில் கரியமிலவாயு சேரச் சேர, மூச்சு முட்டுகிறது என்று உடம்பே அலறுவதால்தான் கயிற்றை இழுக்கத் தோன்றுகிறது. கரி பஸ்ஸின் வாயுவில் அந்த அலறல் கிடையாது. கயிறு கையிலேயே இருந்தாலும் இழுக்கவேண்டும் என்ற நினைவு வராது. கயிற்றை வெளியே நிற்கிற யாராவதுதான் இழுக்கவேண்டும்.

கரி பஸ்ஸைப் பற்றிப் பேசும்போது மேட்டில் இறங்கித் தள்ளிய வேடிக்கையைத்தான் எல்லோரும் சொல்லிச் சிரிக்கிறார்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். பெயர்கூட எனக்குத் தெரியாத அந்தக் கிளீனர் பையன், எண்பது வருஷம் கழித்து, பனி பெய்யும் ஒரு தேசத்தில் எங்கள் வீட்டுப் பிள்ளையின் கயிற்றைப் பிடித்து இழுத்தானே, அதையும் சேர்த்துச் சொல்லவேண்டும் என்றுதான் இதை எழுதினேன்.