பி. சி. சர்க்காரும் மாயவித்தை விளம்பரக் கலையும்

பி. சி. சர்க்கார் (1913 - 1971) வங்காளத்தின் தாங்காயில் பகுதியில் பிறந்து, இந்திய மாயவித்தையை உலக மேடைகளுக்குக் கொண்டு சென்றவர். அவருடைய வித்தைகளைப் பற்றி நிறைய எழுதப்பட்டுள்ளது. அந்த வித்தைகளைக் காணக் கூட்டம் எப்படி வந்தது என்பதைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. இக்கட்டுரை அதைப் பற்றியது.

தச்சர் தாம் செய்த நாற்காலியைக் காட்டி விற்கலாம். துணி வணிகர் துணியை விரித்துக் காட்டலாம். மாயவித்தைக்காரருக்கு அந்த வசதி இல்லை. வித்தையை வாசலிலேயே காட்டிவிட்டால் உள்ளே வர ஆள் இருக்காது. ஆகவே அவர் பெயரையும் உடையையும் படத்தையும் சொல்லையும் காட்டித்தான் சீட்டு விற்க வேண்டும்.

இதை ஐரோப்பியரும் அமெரிக்கரும் முன்பே நன்கு அறிந்திருந்தனர். பிரான்சில் ராபேர் ஊதேன் 1845இல் பாரிஸில் தம் அரங்கைத் திறந்தபோது, மந்திரவாதியின் நீள அங்கியை ஒதுக்கிவிட்டு, பார்வையாளர் அணிந்துவந்த அதே மாலை நேரக் கோட்டை அணிந்தார். அமெரிக்காவில் ஹாரி கெல்லர் கல்லச்சில் பல வண்ணங்களில் அடித்த சுவரொட்டிகளால் பேர் பெற்றார். சிவப்புக் குட்டிச்சாத்தான்கள் அவர் தோளில் அமர்ந்து காதில் இரகசியம் ஓதுவது போன்ற படங்கள் அவை. ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனிக் கல்லில் வரைந்து ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிடும் முறை அது. குழு ஊருக்குள் வருமுன்பே சுவர்களில் அந்த முகம் வந்துவிடும்.

பெயர் இந்தியருடையது, முகம் வேறு

இந்த விளம்பரங்களில் இந்தியாவுக்கு ஓர் இடம் இருந்தது. இந்தியருக்குத்தான் இடம் இல்லை. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலண்டனில் பந்து வீசியும் வாள் விழுங்கியும் புகழ்பெற்றவர் 'ராமோ சாமி'. சென்னைப் பக்கத்திலிருந்து சென்ற ராமசாமி என்று கருதப்படுபவர். அங்கத்திய துண்டறிக்கைகள் அவர் பெயரைத் தம் நாவுக்கு ஏற்ப உடைத்துக்கொண்டன. 1850இல் அவர் இறந்தபோது அடக்கச் செலவுக்குக்கூடப் பணமின்றி அவர் மனைவி பத்திரிகை வழியே உதவி கேட்க நேர்ந்தது.

அதற்கு முந்திய ஆண்டு, 1849இல், நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் விடுமுறை நாளில் முகத்தில் கரி பூசி, 'ரியா ராமா ரூஸ்' என்று பெயர் புனைந்து, வேடிக்கையான அறிவிப்புத் தாளும் தாமே எழுதி நண்பர்களுக்கு வித்தை காட்டினார். கெல்லருக்குத் தொழில் கற்பித்தவர் 'ஆவா நாட்டுப் பக்கீர்' என்ற பெயரில் நடித்த ஓர் ஆங்கிலேயர். பின்னாளில் ஹவார்ட் தர்ஸ்டன் இந்தியக் கயிற்று வித்தையைச் சுவரொட்டியாக்கி அமெரிக்க நகரங்களில் ஒட்டினார். வில்லியம் ராபின்சன் என்ற அமெரிக்கர் 'சுங் லிங் சூ' என்ற சீனராகவே மேடையில் வாழ்ந்தார். மேடையில் ஆங்கிலம் பேசுவதில்லை. பேட்டிக்கும் மொழிபெயர்ப்பாளர் வைத்துக்கொண்டார். 1918இல் இலண்டன் மேடையில் துப்பாக்கி வித்தை பிழைத்து குண்டு பாய்ந்த இரவில்தான் அவர் ஆங்கிலம் பேசக் கேட்டார்கள்.

ஓர் எழுத்து மாற்றம்

சர்க்கார் இறங்கிய களம் இதுதான். முழுப்பெயர் பிரதுல் சந்திர சர்க்கார். கணிதம் படித்தவர், கணபதி சக்கரவர்த்தியிடம் வித்தை பயின்றவர். 'சர்க்கார்' என்றால் நமக்கு அரசாங்கம். வங்காளத்தில் அது சாதாரணக் குடும்பப் பெயர். அவர் அதன் ஆங்கில எழுத்துகளை மாற்றி 'சோர்க்கார்' என்று ஒலிக்கும்படி செய்தார். ஆங்கிலத்தில் மந்திரவாதியைக் குறிக்கும் 'சோர்சரர்' என்ற சொல்லுக்கு அது பக்கத்தில் வந்து நின்றது. ராமசாமியின் பெயரைப் பிறர் உடைத்தார்கள். சர்க்கார் தம் பெயரைத் தாமே செதுக்கிக்கொண்டார். (தமிழில் நாம் இன்றும் 'சர்க்கார்' என்றே சொல்லிவருகிறோம். அவருடைய உத்தி நம்மிடம் செல்லவில்லை!)

அடுத்தது பட்டம். பெரும்புகழ் வருமுன்பே 'உலகின் தலைசிறந்த மாயவித்தைக்காரர்' என்று தம்மை அறிவித்துக்கொண்டார். வெளிநாட்டு மாயவித்தை இதழ்களுக்கு இடைவிடாது எழுதினார். கண்ணைக் கட்டிக்கொண்டு பெருநகரத் தெருவில் சைக்கிள் ஓட்டினார். அதற்குச் சீட்டு இல்லை. ஆனால் மறுநாள் செய்தியாகும். மேலை வித்தைக்காரர் பலர் அவருடைய பட்டத்தைக் கண்டு முகம் சுளித்தனர். தர்ஸ்டன் தம் நிகழ்ச்சியைப் 'பிரபஞ்சத்தின் அதிசயக் காட்சி' என்று விளம்பரம் செய்தபோது யாரும் அப்படிச் சுளித்ததாகத் தெரியவில்லை. தற்பெருமை அந்தத் தொழிலில் புதிதன்று. அதைப் பேசிய ஆள்தான் புதியவர்.

உடை விஷயத்தில் அவர் செய்தது இன்னும் கூர்மையானது. சரிகை அங்கி, இறகு செருகிய தலைப்பாகை, வளைந்த முனையுள்ள செருப்பு என்று மகாராஜாவாக வந்தார். நிகழ்ச்சிக்குப் பெயர் 'இந்திரஜால்'. இடையிடையே ஒரு செம்பைக் கவிழ்த்து நீரைக் கொட்டுவார். காலியான செம்பில் மறுபடி நீர் வரும். அதற்கு 'இந்தியாவின் நீர்' என்று பெயர். எந்த மகாராஜாவும் அரங்கில் நின்று வித்தை காட்டியதில்லை. அந்த உருவம் மேலைநாட்டார் தம் கற்பனையில் வைத்திருந்த இந்தியா. அதை அவர்களுக்கே காட்டிச் சீட்டு விற்றார். சிலருக்கு இது உறுத்தலாம். பக்கீர் வேடத்தில் ஆங்கிலேயர் சம்பாதித்த இடத்தில், இந்தியர் ஒருவர் தெருவோர வித்தைக்காரராக அல்லாமல் அரசராக நின்றார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

1956 ஏப்ரல் 9

அவருடைய மிகப் பெரிய விளம்பரம் அச்சில் வந்ததன்று. அன்றிரவு இலண்டனில் பிபிசியின் 'பனோரமா' நிகழ்ச்சியில், திப்தி தே என்ற இளம்பெண்ணை மேசையில் கிடத்திச் சுழலும் மின்ரம்பத்தால் இரண்டாக அறுத்தார். பிறகு அவளை எழுப்ப முயன்றார், அவள் அசையவில்லை. முகத்தைத் துணியால் மூடினார். அறிவிப்பாளர் ரிச்சர்ட் டிம்பிள்பி முன்னால் வந்து நிகழ்ச்சி முடிந்தது என்றார். நாடே பதறியது. பெண் இறந்துவிட்டாளோ என்று கேட்டவர்களால் பிபிசியின் தொலைபேசி இணைப்புகள் திணறின. நேரம் முடிந்துவிட்டது, அவள் நலமாக இருக்கிறாள் என்று பிபிசி விளக்க வேண்டியிருந்தது. மறுநாள் பத்திரிகைகளில் அதுவே பேச்சு. டியூக் ஆஃப் யார்க் அரங்கில் அவர் நடத்தவிருந்த காட்சிகளுக்குச் சீட்டுகள் விற்றுத் தீர்ந்தன. நேரக் கணக்கில் கண்டிப்பான ஒருவருக்கு அந்த இரவில் மட்டும் நேரம் தவறியது தற்செயல் அன்று என்றே மாயவித்தை வரலாற்றாசிரியர் பலர் கருதுகின்றனர். எனக்கும் அவ்வாறே தோன்றுகிறது.

புகழோடு பூசலும் வந்தது. ஜெர்மானிய வித்தைக்காரர் ஹெல்முட் ஷ்ரைபர், சர்க்கார் தம் காட்சிகளைத் திருடிவிட்டதாகக் குற்றம் சாட்டினார். ஆதரித்தும் மறுத்தும் பலர் எழுதினர். ஷ்ரைபர் மேடையில் வைத்துக்கொண்டிருந்த பெயர் 'காலாநாக்'. கருநாகம் என்று பொருள்படும் இந்திச் சொல்.

1964இல் சர்க்காருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 1971 ஜனவரி 6 அன்று ஜப்பானின் ஹொக்கைடோ தீவிலுள்ள அசாஹிகாவா நகரில், சுற்றுப்பயணத்தின்போது மாரடைப்பால் இறந்தார். மகன் பிரதீப் சந்திரா தந்தையின் இடத்தில் மேடையேறினார். அதே தலைப்பாகை, அதே 'இந்திரஜால்'. சுவரொட்டியில் அவர் பெயர் 'பி. சி. சர்க்கார் ஜூனியர்'. ஆங்கிலத்தில் தந்தை மாற்றி வைத்த அதே எழுத்துகள்.